உடன் வருபவர்

காலை ஐந்தே முக்காலுக்கே எல்லோரையும் படகுத்துறையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். தென்காசி, விருதுநகர் மாவட்டத்துப் பெயிண்டிங் காண்ட்ராக்டர்களும் அவர்களோடு வந்தவர்களுமாக இருபத்திரண்டு பேர். ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை கொடுத்தார்கள். கோமதிநாயகம் அதை வாங்கிக்கொண்டு டீக்கடை மாதிரி இருந்த ஒரு கூரைக்குப் பின்னால் ஒதுங்கினான். வலது கையைத் தொங்கப்போட்டபடியே முதலில் நுழைத்து, இடது கையால் சட்டையைத் தோள்மேல் இழுத்துவிட்டு, அப்புறம்தான் இடது கையை நுழைக்க வேண்டும். மூன்று மாதமாக வீட்டில் சட்டை போடுவதும் இப்படித்தான். போட்டு முடித்ததும் யாராவது பார்த்தார்களா என்று எட்டிப் பார்த்தான்.

யாரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் சங்கரபாண்டியன் மேல் இருந்தது. அவன் இரண்டு கையையும் சாமி கும்பிடுகிறவனைப் போல மேலே தூக்கிக்கொண்டு நிற்க, பெயிண்ட் கம்பெனி ஆபீசர் சுலைமான் குனிந்து அவனுக்குப் பட்டையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கை இரண்டும் அவ்வளவு லேசாக மேலே போவதைப் பார்க்கக் கோமதிநாயகத்துக்கு வயிறு எரிந்தது. ஆறு வருஷமாகப் பிரஷ்ஷைத் தொடாத கை. போன் பேசுவதற்கும் காரில் ஸ்டியரிங் பிடிப்பதற்கும் மட்டும் பயன்படுகிற கை. அது மட்டும் நல்லாயிருக்கிறது.

கழுத்தில் எல்லோருக்கும் ஒரு அட்டை தொங்கியது. சங்கரபாண்டியன் அட்டையில் தங்க எழுத்தில் ‘டைமண்ட் உறுப்பினர்’ என்று போட்டிருந்தது. கோமதிநாயகத்தின் அட்டையில் பேர்கூட இல்லை. ‘உடன் வருபவர்’ என்று மட்டும் இருந்தது. அந்த அட்டை சங்கரபாண்டியனின் சம்சாரம் சண்முகசுந்தரிக்காக அடித்தது. அவளுக்குப் பாஸ்போர்ட் வந்து சேரவில்லை என்பதால் அது இவன் கழுத்துக்கு வந்தது.

இருவரும் சங்கரன்கோவிலில் ஒரே நாளில் உப்புத்தாளைக் கையில் எடுத்தவர்கள். ராஜபாளையம் ரோட்டில் ஒரு அரிசி மில்லின் காம்பவுண்டுச் சுவர். அப்போது இருவருக்கும் பதினெட்டு வயது. ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டார்கள், ஒரே சைக்கிளில் போனார்கள், ‘ஏலே’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். இரண்டு நிறம் சந்திக்கிற இடத்தில் டேப் ஒட்டாமல் கோடு இழுக்கிற கை கோமதிநாயகத்துக்கு மட்டும்தான் வாய்த்தது. சங்கரபாண்டியனுக்கு வாய்த்தது வாய். என்ஜினீயர்களிடம் பேசினான், கடைக்காரர்களிடம் பேசினான், மச்சினன் தயவில் ஒரு ஸ்பிரே மிஷின் வாங்கினான், காண்ட்ராக்டர் ஆனான். அன்று முதல் இவனை ‘வே’ என்றும் ‘நீரு’ என்றும் மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தான். மற்ற ஆட்கள் எல்லாம் அவனை ‘அண்ணாச்சி’ என்றார்கள். கோமதிநாயகத்துக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை, பழைய ‘ஏலே’யும் இனிமேல் செல்லாது. அதனால் ஆறு வருஷமாக அவனை எதைச் சொல்லியும் கூப்பிடாமலே காலத்தை ஓட்டினான். வேண்டுமானால் பக்கத்தில் போய் நிற்பான், தொண்டையைச் செருமுவான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டோக்கன் விஷயம்தான் அவனைத் தின்றது.

பெயிண்ட் பக்கெட்டைத் திறந்தால் மூடிக்குக் கீழே ஒரு டோக்கன் இருக்கும். முன்பு கடையில் கொடுத்தால் டீச்செலவுக்குக் காசு தருவார்கள். அப்புறம் கம்பெனி ஆப் கொண்டுவந்தது. டோக்கனைப் போனில் படம் பிடித்தால் பெயிண்டர் பேரில் பாயிண்ட் ஏறும். கோமதிநாயகத்திடம் அப்போது பட்டன் போன்தான் இருந்தது. ஆதார் கேட்கும், பேங்க் கேட்கும் என்றதும் அவனுக்கு அலுப்பாகிவிட்டது. “இதையெல்லாம் எவன் பாக்கான். உன் போன்லயே போட்டுக்கோ. எனக்கு மாசம் ரீசார்ஜ் பண்ணி விட்டாப் போதும்” என்று அவனே சொன்னான். பக்கெட்டைத் திறப்பவன் அவன், டோக்கனை எடுத்து வேட்டியில் துடைப்பவன் அவன், சாயங்காலம் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுப்பவனும் அவன். பிறகு நல்ல போன் வாங்கியபோதும் பழக்கத்தை மாற்றவில்லை. ஐந்து வருஷம் இப்படி ஓடியது.

போன தீபாவளிக்கு முன்னால், சங்கரபாண்டியன் டைமண்ட் ஆகிவிட்டான், கம்பெனி செலவில் வியட்நாம் போகிறான், இரண்டு பேருக்கு விமான டிக்கெட் என்று செய்தி வந்தது. அன்று கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. திருடிக்கொண்டான் என்று சொல்லவும் வழியில்லை. தானே துடைத்துக் கொடுத்ததுதானே. சம்சாரம் பூமாரி தறிக்கூடத்தில் நூல் சுற்றிவிட்டு வந்து, “என்னத்துக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்கீய?” என்று கேட்டபோது எரிந்து விழுந்தான்.

அப்புறம்தான் சண்முகசுந்தரியின் பாஸ்போர்ட் தள்ளிப்போனது. ஆட்களில் யாரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது என்று விசாரித்தார்கள். மஸ்கட்டுக்குப் போகலாம் என்று ஒரு ஏஜெண்டை நம்பி எடுத்த பாஸ்போர்ட் கோமதிநாயகத்தின் பீரோவில் துண்டில் சுற்றிக் கிடந்தது. ஏஜெண்ட் ஓடிப்போனான், பாஸ்போர்ட் தங்கியது. “நீரு வாரும் வே. நம்ம ஆளு ஒருத்தர் பாத்த மாதிரி இருக்கட்டும்” என்றான் சங்கரபாண்டியன் பெரிய மனசோடு. அந்தப் பெரிய மனசுதான் இவனுக்குத் தாங்கவில்லை. என்றாலும் வந்தான். திருச்சியில் விமானம் ஏறி, இறங்கி, பஸ்ஸில் நாலு மணி நேரம் உட்கார்ந்து, கான் தோ என்கிற இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். சங்கரபாண்டியனின் பெட்டியையும் இடது கையால் இவனே இழுத்து வந்தான்.

படகு கிளம்பியது. மீகாங் ஆற்றின் கிளை அது, செம்மண் கரைத்தது போலத் தண்ணீர். அரைமணி நேரத்தில் பாலத்தைத் தாண்டியதும் சந்தை வந்தது. கரையில் ஒன்றும் இல்லை, எல்லாம் தண்ணீர் மேல்தான். வீடு போன்ற பெரிய மரப்படகுகள் நங்கூரம் போட்டு நின்றன. ஒன்றில் பூசணிக்காயை ஒருவன் எறிய, பக்கத்துப் படகில் ஒருத்தி பிடித்து அடுக்கினாள். சின்னப் படகுகள் இடையில் புகுந்து புகுந்து போயின. காப்பி விற்கும் படகு, அடுப்பு எரிய நூடுல்ஸ் விற்கும் படகு, லாட்டரி விற்கும் படகு. டீசல் புகையும் அன்னாசி வாசமும் சேர்ந்து அடித்தது.

ஒவ்வொரு பெரிய படகின் முன்னாலும் உயரமான ஒரு மூங்கில் கம்பு நட்டிருந்தது. அதன் நுனியில் ஒன்றில் பூசணிக்காய், ஒன்றில் முட்டைக்கோஸ், இன்னொன்றில் நாலு அன்னாசி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

“இங்கன கூவிக்கூவி விக்க முடியாது பாத்துக்கிடுங்க. மோட்டார் சத்தத்துல காது கேக்காது” என்று சுலைமான் எல்லோருக்கும் விளக்கினார். “அதான் எவன் எதை விக்கானோ அதைக் கம்புல கட்டிருவான். தூரத்துல இருந்தே தெரிஞ்சிரும்.”

“நம்ம அண்ணாச்சி கம்புல டைமண்டுல்லா தொங்கும்!” என்றார் ராஜபாளையத்துக் காண்ட்ராக்டர் ஒருவர். சங்கரபாண்டியன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தான். கோமதிநாயகம் அந்தக் கம்புகளையே பார்த்தான். தன் படகு என்று ஒன்று இருந்தால் அதில் எதைக் கட்டுவது என்று யோசித்தான். கட்டுவதற்கு இருந்ததெல்லாம் அடுத்தவன் கம்பில் தொங்குகிறது.

அந்தப் படகுகளின் மூக்கில் சிவப்பு அடித்து, இரண்டு பக்கமும் பெரிய பெரிய கண் வரைந்திருந்தது. சங்கரபாண்டியன் அந்தக் கண்ணோடு சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டான். கோமதிநாயகத்துக்குத் தெரிந்தது வேறு. பிரைமர் அடிக்காமல் எனாமலை நேராக மரத்தில் அடித்திருக்கிறார்கள், அதனால்தான் ஓரம் உரிகிறது. ஆனால் கண்ணின் வளைவு ஒரே இழுப்பில் விழுந்திருக்கிறது. நடுங்காத கை. முகம் தெரியாத அந்த ஆள்மேலும் ஒரு நிமிஷம் பொறாமையாக இருந்தது. இந்தக் கண்ணை வரைந்தவன் தோளுக்கு மேலே கையைத் தூக்கித்தானே வரைந்திருப்பான்.

தோள் இறுகிப்போய்விட்டது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இருபத்தாறு வருஷம் சீலிங் அடித்த தோள். ஆறு மாதத்துக்குக் கையை மேலே தூக்கி வேலை செய்யக்கூடாது, பலவந்தமாக யாரும் இழுத்துவிடக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நெஞ்சு உயரம்வரை பாதகமில்லை, அதற்கு மேலே ஒரு இஞ்ச் போனாலும் உயிர் போகும். பூமாரி கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிப் பார்த்தாள். வேலையில் யாருக்கும் சொல்லவில்லை. சீலிங்கையும் உயரச் சுவரையும் கூட வேலை பார்க்கும் பையன் பாண்டியராஜனிடம் தள்ளிவிட்டு, “நீயும் பழக வேண்டாமால? அடி, நான் பாக்கேன்” என்று கீழே நின்று அதட்டிக்கொண்டிருந்தான். தெரிந்துபோனால் அடுத்த நாளே சாரத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். இந்த நடிப்பு எத்தனை நாள் தாங்கும் என்பது அவனுக்கே தெரியவில்லை.

நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுலைமான் அந்தச் செய்தியைச் சொன்னார்.

“கம்பெனி திருநெல்வேலியில பெயிண்டர்களுக்கு ட்ரெய்னிங் சென்டர் தொறக்குது. சுவர்ல மேடுபள்ளமா டிசைன் விழுற மாதிரி டெக்ஸ்சர் இழுக்கதைச் சொல்லிக் குடுக்க ஒரு நல்ல கைக்காரர் வேணும். மாசச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. சாரம் கீரம் ஒண்ணும் ஏறவேண்டாம். மேஜையில பலகையை வச்சு இழுத்துக் காட்டினாப் போதும். உங்க ஆளுக யாராவது இருந்தாச் சொல்லுங்க. ஊருக்குப் போறதுக்குள்ள நான் பேரு அனுப்பணும்.”

கோமதிநாயகம் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தான். மேஜை என்றால் நெஞ்சு உயரம்கூட வராது. இந்தக் கையை வைத்துக்கொண்டு உலகத்தில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான். மற்ற காண்ட்ராக்டர்கள் காது கொடுக்கவே இல்லை. அவர்களுக்கு அந்தச் சம்பளம் கால்தூசு. சங்கரபாண்டியன் மிளகாயைத் தேடி எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தான்.

அவன் படகின் முன்பக்கம் எழுந்து போனதும் கோமதிநாயகம் சுலைமான் அருகில் நகர்ந்தான்.

“சார், நான் டெக்ஸ்சர் நல்லா இழுப்பேன் சார். புளியங்குடி ரோட்டுல டாக்டர் வீட்டு ஹால், அந்தச் சுவரு என் வேலைதான்.”

“அந்த மயில் கழுத்துக் கலரா?” சுலைமான் நிமிர்ந்தார். “மாநில அளவுல நம்ம குரூப்ல போட்ட படம்லா அது! அது சங்கரபாண்டியன் அண்ணாச்சி வேலைன்னுல்லா இருக்கு?”

“அவரு பேருல இருக்கும் சார். இழுத்தது நான்.”

சுலைமான் அவன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் போகாமல் உட்கார்ந்திருந்த வெள்ளையைப் பார்த்தார். “உங்க நம்பரைச் சொல்லுங்க அண்ணாச்சி” என்று போனில் தட்டினார். தட்டிவிட்டுத் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“உங்க பேருல ஒரு பாயிண்ட்டுகூட இல்லையே. ஆப்ல உங்களைப் புது ஆளுன்னுல்லா காட்டுது. எத்தனை வருஷமா வேலை பாக்கீங்க?”

“இருபத்தாறு வருஷம் சார்.”

“கம்பெனிக்கு அனுபவம்னா அது பாயிண்ட்தான், வேற சர்ட்டிபிகேட் கிடையாது. அல்லா மேல ஆணையா எனக்கு உங்களை அனுப்ப ஆசைதான்.” யோசித்தார். “ஒண்ணு செய்யலாம். இந்த வேலையெல்லாம் இவரு செஞ்சது, டோக்கன் இவரு போட்டதுன்னு சங்கரபாண்டியன் அண்ணாச்சி ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். மத்ததை நான் பாத்துக்கிடுதேன்.”

இரண்டு வரி. கோமதிநாயகம் அந்த இரண்டு வரியை மனசுக்குள் பத்துத் தடவை எழுதிப் பார்த்தான். அதற்குப் போய் யாரிடம் நிற்க வேண்டும் என்பதை நினைத்தபோது வாய் கசந்தது. என்றாலும் எழுந்தான்.

சங்கரபாண்டியன் அன்னாசிப் படகிலிருந்து பழம் வாங்கிக்கொண்டிருந்தான். அங்கே இருந்தவள் பழத்தைக் காம்போடு பிடித்து, அதன் முள்கண்களைச் சுற்றிச் சுற்றி வெட்டி எடுத்து, ஐஸ்கிரீம் போலக் கையில் கொடுத்தாள். கோமதிநாயகம் பக்கத்தில் போய் நின்றான். தொண்டையைச் செருமினான். மோட்டார் சத்தத்தில் அது கேட்கவில்லை.

“அண்ணாச்சி” என்றான்.

சங்கரபாண்டியன் திரும்பிப் பார்த்தான். பழம் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றது.

“என்ன வே, புதுசா அண்ணாச்சிங்கீரு?”

கோமதிநாயகம் விஷயத்தைச் சொன்னான். சொல்லும்போது எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்க்கவில்லை, அன்னாசி வெட்டுகிறவளின் கத்தியையே பார்த்துக்கொண்டு சொன்னான். சங்கரபாண்டியன் முழுசாகக் கேட்டான். பழத்தைக் கடித்து, மென்று, விழுங்கினான்.

“எழுதிக் குடுத்தா என்ன ஆவும் தெரியுமா வே? டோக்கன் என்னது இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா. டைமண்டைப் பிடுங்கிருவான். அதை வச்சுத்தான் எனக்குக் காலேஜ் ஆடிட்டோரிய வேலையே கெடச்சிருக்கு.”

“ரெண்டு வரிதான்.”

“சரி, எழுதிக் குடுத்தேன்னே வையும். நீரு திருநெல்வேலி போயிட்டா எனக்கு டெக்ஸ்சர் யாரு இழுப்பா? ஆடிட்டோரியம் முப்பதடி உசரம். உம்ம கையை நம்பில்லா ஒத்துக்கிட்டு வந்திருக்கேன்.” சங்கரபாண்டியன் குரலில் நிஜமான பாசம் இருந்தது. “உமக்கு என்ன குறை வச்சேன்? பிளேன்ல கூட்டிட்டு வந்திருக்கேன். அடுத்த வருஷம் பாப்போம்.”

கை போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்ன பிறகும் அவன் எழுதிக் கொடுக்காவிட்டால் இருக்கிற வேலையும் போய்விடும். கோமதிநாயகம் வார்த்தையை விழுங்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினான். வாய்விட்டு ‘அண்ணாச்சி’ என்று சொன்னதுதான் மிச்சம். அது காதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

சங்கரபாண்டியன் அன்னாசியோடு வந்து மற்ற காண்ட்ராக்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். பேச்சு டாக்டர் வீட்டுச் சுவர்மேல் போனது. ஒருவர் போனில் அந்தப் படத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

“எப்படி அண்ணாச்சி, இவ்வளவு பெரிய சுவர்ல ஒரு ஜாயிண்டுகூடத் தெரியல?”

“அதெல்லாம் ஒரு கணக்கு” என்றான் சங்கரபாண்டியன். “அன்னைக்கு விடியற்காலம் நாலு மணிக்கே போயிட்டோம். வெயிலு ஏறுறதுக்கு முன்ன முடிச்சிரணும்.”

நாலு மணிக்குப் போனது கோமதிநாயகமும் பாண்டியராஜனும். சங்கரபாண்டியன் வந்தபோது மணி பத்து. அதுவும் போட்டோ எடுக்க வந்தான். கோமதிநாயகத்துக்கு உள்ளே இருந்தது அத்தனையும் பொங்கி நாக்குக்கு வந்தது. இவன் உட்கார்ந்திருக்கிற சொகுசும், கழுத்தில் மினுங்குகிற அட்டையும், பாசத்தோடு மறுத்த அந்தக் குரலும்.

“மேல் பூச்சுக்குத் தேய்க்கிற தகட்டை எந்தப் பக்கமிருந்து இழுத்தீரு?” என்று சத்தமாகக் கேட்டான்.

எல்லோரும் திரும்பினார்கள். சங்கரபாண்டியன் ஒரு கணம் திகைத்தான்.

“எந்தப் பக்கம்னா... மேல இருந்து கீழதான்.”

“மேல இருந்து கீழ இழுத்தா வரிவரியா ஜாயிண்டு விழுமே அண்ணாச்சி!” என்றார் ராஜபாளையத்துக்காரர். “குறுக்கத்தானே இழுப்பாங்க?” சொல்லிவிட்டுச் சிரித்தார். இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். பெரிய கேலி ஒன்றும் இல்லை, டூர் வந்த இடத்தில் சிரிக்கிற சிரிப்புதான். ஆனால் சங்கரபாண்டியன் முகம் கறுத்துவிட்டது. கோமதிநாயகத்துக்கு வியட்நாம் வந்து மூன்று நாளில் முதல்முறையாக வயிறு குளிர்ந்தது. கொஞ்ச நேரம்தான்.

திரும்புவதற்கு முன்னால் குரூப் போட்டோ. படகைச் சந்தையின் நடுவில் நிறுத்தி, பின்னால் கம்புகளும் பூசணிக்காயும் தெரிகிற மாதிரி எல்லோரையும் நிற்க வைத்தார்கள். முன்வரிசைக்காரர்கள் ‘நம்ம பெயிண்டர், நம்ம பெருமை’ என்று எழுதிய பேனரைப் பிடித்தார்கள். ஆளுக்கொரு புதுப் பிரஷ், தங்கக்கலர் கைப்பிடி போட்டது, கொடுத்தார்கள். டூர் கம்பெனிக்காரர் எதிரே ஒரு சின்னப் படகில் நின்று கேமராவைப் பிடித்தார்.

“ஒன், டூ, த்ரீன்னதும் எல்லாரும் பிரஷ்ஷை மேல தூக்குங்க!”

தூக்கினார்கள். கோமதிநாயகம் இடது கையைத் தூக்கினான்.

“அண்ணாச்சி, அந்த ஓரத்துல நிக்கவங்க! வலது கை, வலது கை! நீங்க மட்டும் இடது கையைத் தூக்கியிருக்கீங்க.”

பிரஷ்ஷை வலது கைக்கு மாற்றிக்கொண்டான். நெஞ்சுவரை தூக்கினான். மறுபடியும் கேமராக்காரர் கையை ஆட்டினார். “இன்னும் மேல! பேனருக்குக் கீழ போயிருது!” எல்லோரும் தூக்கிய கையோடு காத்திருந்தார்கள். படகு ஆடியது. “தூக்கும் வே, வெயிலு ஏறுதுல்லா” என்று யாரோ சொன்னார்கள்.

பக்கத்தில் வலது பக்கமாக நின்றவன் சங்கரபாண்டியன்தான்.

“கேக்கத் தெரிஞ்ச ஆளுக்குத் தூக்கத் தெரியாதா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். கோமதிநாயகத்தின் மணிக்கட்டைப் பிடித்தான். ஒரே இழுப்பாக மேலே இழுத்தான்.

தோளுக்குள் எதுவோ கிழிந்தது. ஆறு, படகு, கம்பு எல்லாம் வெள்ளையாகிப் போனது. வாய் தானாகத் திறந்துகொண்டது, சத்தம் வரவில்லை. “சூப்பர்! அப்படியே, அப்படியே!” என்று கேமராக்காரர் நாலைந்து தடவை அமுக்கினார். எல்லோரும் கைதட்டிக்கொண்டே கலைந்தார்கள்.

சங்கரபாண்டியன் மட்டும் மணிக்கட்டை விடவில்லை. பாதி வழியில் அந்தக் கை கல்லில் இடித்தது போல நின்றதும், அப்புறம் விட்டுக்கொடுத்ததும் அவன் உள்ளங்கைக்குத் தெரிந்திருந்தது. அவனும் இருபது வருஷம் சீலிங் அடித்தவன்தான். கையை மெல்லக் கீழே இறக்கினான். முகத்தில் இருந்த கோபம் போய்விட்டிருந்தது.

“எத்தனை நாளா?”

கோமதிநாயகம் பலகையில் உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் வேர்த்தது.

“எத்தனை நாளா வே?”

“மூணு மாசம்.”

“அப்ப சீலிங்கெல்லாம்?”

“பாண்டியராஜன்.”

சங்கரபாண்டியன் போனை எடுத்தான். ஊரில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். மறுமுனையில் எடுக்க நேரமாயிற்று.

“ஏலே பாண்டியராஜா, தூங்குதியா? திங்கக்கிழமை ஆடிட்டோரியத்துல டெக்ஸ்சரை நீயே எடுத்துக்கோ... ஆமா, நீயேதான். அவருக்குத் தோளு போச்சு... கீழ உக்காந்து உப்புத்தாள் தேய்க்கட்டும். பொம்பளையாளு சம்பளம் போட்டுக்கிடலாம். பாவம், அவரை அப்படியே விட்டுர முடியாதுல்லா.”

போனை வைத்துவிட்டு, வாங்கி வைத்திருந்த அன்னாசியில் ஒன்றை எடுத்து இவன் இடது கையில் கொடுத்தான். “சாப்பிடும்.”

கோமதிநாயகம் பழத்தைப் பிடித்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தான்.

“என் கையை நம்பித்தான் எழுதித் தரமாட்டேன்னீரு. இனி அந்தக் கை இல்லைலா. எழுதிக் குடுக்கலாம்லா?”

“என்ன பேச்சு வே இது?” சங்கரபாண்டியனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. “கை போன ஆளை நல்ல கைக்காரர்னு எழுதிக் குடுத்தேன்னு என் பேரு கெடவா?”

படகு திரும்பியது. பின்பக்கம் சுலைமான் போனில் யாருக்கோ பேர் ஒன்றை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அது அந்த வேலைக்கு ராஜபாளையத்துக்காரர் சொன்ன ஆளுடைய பேர். அன்னாசிக்காரியின் படகு தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போனது.

கோமதிநாயகத்தின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பழத்தை மடியில் வைத்துவிட்டு எடுத்தான். கம்பெனி குரூப்பில் போட்டோ வந்திருந்தது. அதற்குள் அது ஊருக்குப் போய், தெருவுக்குப் போய், வீட்டுக்கும் போயிருந்தது. படத்தில் இருபத்திரண்டு கைகள் உயர்ந்திருந்தன. எல்லாவற்றையும்விட உயரத்தில் இருந்தது அவன் கைதான். எல்லோரையும்விட அகலமாக வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருப்பவனும் அவன்தான்.

அடுத்த மெசேஜ் மகள் சண்முகப்ரியா அனுப்பியது.

“அப்பா, கை மேல போயிட்டே! சரியாயிட்டாப்பா? அம்மா அழுதுட்டு இருக்கா, சந்தோஷத்துல. சாமி ரூமுக்கும் உங்க போட்டோவுக்கும் மாறி மாறி ஓடுதா. எப்படிச் சரியாச்சுன்னு கேக்கா.”

வலது கை மடியில் கிடந்தது. அவன் இடது கைப் பெருவிரலால் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தான்.